பந்தியை அழிக்கச் சொன்னவர்

விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். வைரஸ் வந்து விண்டோஸ் போனதும், செராமிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் நண்பர் லினக்ஸ் போட்டுத் தந்தார். எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம். ஆனால் அதை எழுதிய சோர்ஸ் கோடை நெட்டிலிருந்து இறக்கி, ஓடும் சாஃப்ட்வேராக நம் மெஷினிலேயே கம்பைல் செய்யவேண்டும்.

அன்று சாயங்கால ரயிலில் மங்கலம்பேட்டை மாப்பிள்ளை ஒருவர் துபாய் கிளம்புகிறார். நிக்காஹ் சி.டி.க்காகக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து திரையில் கம்பைல் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு இங்கிலீஷ் வராது. எரர் என்ற சொல் மட்டும் தெரியும். பாதியில் அது வந்து எல்லாம் நின்றுவிட்டது.

நண்பருக்குப் போன் செய்தேன். "டிஸ்க்குல இடமில்லீங்க. எதையாவது அழிங்க" என்றார்.

அழிக்க அந்தக் கல்யாணம்தான் இருந்தது. அதை எடுத்த டேப்பின் மேலேயே வேறு கல்யாணம் எடுத்துவிட்டேன்; அழித்தால் திரும்பக் கிடைக்காது.

"பந்திய அழிங்கண்ணே. தின்னதையா பாக்கப் போறேன்?" என்றார் மாப்பிள்ளை.

அழிக்குமுன் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் குனிந்து குனிந்து பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"எங்கத்தா" என்று தன் அப்பாவைக் காட்டினார் மாப்பிள்ளை. "வேற எதுலயும் அவரு இல்லியா?"

"மேடைக்குக் கூப்பிட்டேங்க. வேல கெடக்குன்னுட்டாரு" என்றேன்.

மாப்பிள்ளை திரையை நெருங்கி உட்கார்ந்தார்.

"நான் மேடையில நிக்கிறத அழிச்சிடுங்கண்ணே. எம்மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்துக்கறேன்."

அழித்தேன். மறுபடி வரிகள் ஓடின. இந்தத் தடவை எரர் வரவில்லை. அவசர அவசரமாக வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். சி.டி.யின் சூடு ஆறுமுன் வாங்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினார்.

இப்போதெல்லாம் பந்தியில் முதலில் பரிமாறுகிறவர் முகத்தைத்தான் எடுக்கிறேன்.