சொல்லாமல் விட்ட பதினோரடி

ஐம்பதுகளில் மலாக்காவின் காஜா பேராங்கில் நல்லையாவைத் தெரியாதவர்கள் குறைவு. தையல்காரன், ஆனால் கடை கிடையாது. பழைய ராணுவ லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் தைத்துக் கொடுப்பான். செவ்வாய்க் காலை கிளம்பினால் சனிக்கிழமைதான் வீட்டைப் பார்ப்பான். நாலு ராத்திரியும் அந்த டிரெய்லருக்குள்தான் படுக்கை.

அதைக் கட்டியவன் நான், பட்டறை சேதுராமன். லாரியின் முதுகில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும், டிரெய்லரின் கழுத்து அதன்மேல் உட்கார்ந்து திரும்பும். உள்ளே நீளம் எட்டடி. ஒரு தையல் மிஷின், துணிக்கட்டுகள், குறுக்கே ஒரு கட்டில், அவ்வளவுதான் கொள்ளும். எட்டடி என்று அளவு சொன்னதும் நான்தான். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் மனையடி சாஸ்திரம் எனக்கு மனப்பாடம். எட்டு ஆகும், ஒன்பது ஆகாது, பத்தும் பதினொன்றும் ஆகும், பன்னிரண்டு ஆகாது. மனிதன் படுத்துத் தூங்குகிற இடமெல்லாம் மனைதான் என்று நான் வாதாடுவேன். வீடு கட்டுகிறவனும் வந்து கேட்பான், கோழிக்கூடு கட்டுகிறவனும் வந்து கேட்பான். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலக் கெடுபிடி மலாக்காவில் தளர்ந்த மறு வருஷம் நல்லையாவுக்குக் கல்யாணமாயிற்று. பெண் சிவகாமசுந்தரி, ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர் லயத்தில் முப்பது வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவளை இங்கே ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தான். அக்கம்பக்கம் எல்லாம் சிட்டிமார், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அவளுக்கோ மலாயில் நாலு வார்த்தை தெரியாது. வாரத்தில் நாலு நாள் அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள் என்பது மிகைப்படுத்தல் இல்லை.

ஒருநாள் மத்தியானம் நல்லையா பட்டறைக்கு வந்தான்.

“அண்ணே, அவ உங்ககிட்ட வருவா. டிரெய்லரை நீட்டணும், நானும் கூட வந்து பட்டன் கட்டுறேன்னு ஒரே பிடிவாதம். ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க.”

“ஏன், கூட்டிக்கிட்டுப் போறதுக்கு என்ன?”

அவன் சிரித்தான். “நாலு ராத்திரி ஒருத்தரும் ஒண்ணும் கேக்காம கால நீட்டிப் படுக்குறேன்ணே. ஆபீஸ் கிராணி வீட்டுல சீட்டாட்டம், கொஞ்சம் கள்ளு. அவளும் வந்துட்டா சுசாண்ணே, ஒரே தொல்லை.”

கெட்டவன் இல்லை. சோம்பேறித்தனமான ஆசை, அவ்வளவுதான். எனக்கும் அது புரிந்ததுதான் வினை.

சாயங்காலம் அவள் வந்தாள். வாசலில் கயிறு போட்டு அளந்துவிட்டே வந்திருந்தாள். புருஷன் கட்டிலுக்கு, தன் பாய்க்கு, நடுவில் ஓர் அடுப்புக்கு என்று கணக்கு.

“பன்னண்டு அடி இருந்தாப் போதும்ணே. முடியுமா?”

பன்னிரண்டு ஆகாதுதான். அது பொய்யில்லை. ஆனால் அடுப்பை வெளியே வைத்துக்கொண்டால் பதினோரடி தாராளம், பதினொன்று நல்ல அளவு, என் இரும்பும் தாங்கும். அந்த மூன்றும் என் நாக்கு நுனியில் இருந்தன. நான் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்து, பெரிய பண்டிதன்போல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “பன்னண்டு ஆகாதும்மா, செல்வம் தேயும்” என்றேன். அவள் முகம் இன்னும் நம்பிக்கையோடு இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. “பிள்ளை குட்டிக்கும் ஆகாது” என்று சேர்த்துக்கொண்டேன். அது புத்தகத்தில் இல்லை.

“அப்ப வேணாம்ணே,” என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லையா மறுவாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். நானும் தின்றேன்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கர்ப்பம் கலைந்துவிட்டதாக என் மனைவி சொன்னாள். நான் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். எழுந்து கை கழுவிவிட்டேன். போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கும் நினைத்தேன், பிறகும் பல நாள் நினைத்தேன். சொன்னால் புருஷன் வேண்டாம் என்றதையும் சொல்ல வேண்டும், அது குடும்பத்தைக் கெடுக்கும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். உண்மையில் என் பெயர் கெடும் என்ற பயம்தான். ஐம்பத்தேழில் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தபோது நல்லையா தோட்டங்களுக்குக் கொடி தைக்கப் போயிருந்தான். ஊரே தெருவில் நின்றது. சிவகாமி என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்றாள். நான் கூட்டத்தைச் சாக்காக வைத்து நகர்ந்துவிட்டேன்.

ஐம்பத்தொன்பதில் நல்லையாவுக்குத் தோட்டத்தில் கடும் காய்ச்சல். மூன்று நாள் டிரெய்லரில் தனியாகக் கிடந்திருக்கிறான், தண்ணீர் கொடுக்க ஆளில்லை. தேறி வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான்.

“அண்ணே, நீட்டிடுங்க. இவளும் வரட்டும். எந்த அளவு ஆகும்னு நீங்களே சொல்லுங்க.”

அவன் முன்பு கேட்டதை மறந்தே போயிருந்தான். எனக்கு மறக்கவில்லை.

“பதினோரடி போடலாம். அது நல்ல அளவு,” என்றேன்.

சிவகாமி என்னையே பார்த்தாள். “அப்பவும் பதினொண்ணு நல்ல அளவுதானாண்ணே?”

பஞ்சாங்கம் வருஷத்துக்கு வருஷம் மாறும், மனையடி மாறாது. அது அவளுக்கும் தெரியும். நான் தலையை ஆட்டினேன்.

“பிள்ளைக்கு ஆகாதுன்னீங்களே?”

“அது புத்தகத்துல இல்லம்மா. நான் சொன்னது.”

நல்லையா தரையைப் பார்த்தான். அவன் பார்த்த விதத்திலேயே அவளுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது.

“பன்னண்டு அடிக்கு ஆசைப்பட்டதாலதான் என் பிள்ளை போச்சுன்னு நினைச்சேன்ணே,” என்றாள். குரல் உயரவில்லை. “நாலு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார்கிட்டப் போய், தெரியாம ஆசைப்பட்டுட்டேன், மன்னிச்சிருன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். வேணாம்னு நேரா சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன்.”

“தப்புதாம்மா,” என்றேன்.

அவள் நல்லையா பக்கம் திரும்பினாள். “நீங்க நீட்டிக்குங்க, காத்தோட்டமா படுங்க. நான் வரல. இப்ப எனக்கு மலாய் வரும். பக்கத்து வீட்டு அக்காமாருக்கு கெபாயா ரவிக்கை தைக்கிறேன், அவங்க என்னைத் தேடுவாங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

பதினோரடியாகவே கட்டிக் கொடுத்தேன். நல்லையா அதில் அஞ்சாறு வருஷம் போய்வந்தான், சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமையே வீடு திரும்பப் பழகிக்கொண்டான். நான் அதற்குப் பிறகு யாருக்கும் அளவு சொல்லவில்லை. சிவகாமி என்னைப் பார்த்தால் இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்பதில்லை.