ஒரு குவளை பழைய எண்ணெய்

பட்டறையில் எல்லோரும் அவரை மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக கெப்பாசிட்டர்களுக்கு எண்ணெய் நிரப்புவது அவர் வேலை. தகரப் பெட்டிக்குள் சுருள். அதில் மின்சாரம் கண்டபடி தாவாமல் இருக்க எண்ணெய். அந்த எண்ணெய்த் தொட்டியை வேறு யாராவது தொட்டால் அன்றைக்குச் சண்டைதான்.

உலகத்தில் அவர் நம்பியது இரண்டே இரண்டு. ஒன்று, அவருடைய தங்கை. புருஷனை இழந்து வந்தவளை அவர்தான் அண்மையில் பட்டறையில் சேர்த்துவிட்டார். நிரப்பிய பெட்டியைத் துடைத்து, ஈயம் உருக்கி வாயை அடைப்பது அவள் வேலை. இன்னொன்று, பழைய எண்ணெய். எரிகிற தீக்குச்சியைப் போட்டாலும் குச்சிதான் அணையும்.

அந்த எண்ணெய்க்குத் தடை வந்தது. உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது, ஈரலைக் கெடுக்கும், முகமெல்லாம் கட்டி கிளப்பும் என்றார்கள். விதையிலிருந்து எடுத்த புது எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கியது.

"இத்தனை வருஷம் கையை முக்கியிருக்கேன், எனக்கு என்ன ஆச்சு? இதெல்லாம் மலிவு எண்ணெயைத் தலையில கட்டுற வேலை. சூடேறினா பத்திக்கும்யா!" என்றார் மோப்பம்.

பத்திக்கொண்டால் முதலில் வேகப்போவது ஈயம் உருக்குகிற தங்கைதானே? அந்தப் பயம்தான் அவரை ஆட்டிவைத்தது. பழைய எண்ணெயில் நாலு தகர டின்னை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். தினமும் காலையில், யாரும் வருவதற்கு முன், தொட்டியில் ஒரு குவளை ஊற்றுவார். பாலுக்கு உறை ஊற்றுகிற அக்கறையோடு ஊற்றுவார், பாவி மனுஷன்.

ஐந்தாவது மாதம் தங்கையின் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளும் கட்டிகளும் கிளம்பின. டாக்டர், "வேலையில எதைத் தொடுறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், மோப்பம் முதலாளி அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"புதுசுல விஷம் இருக்கு. சோதிச்சுப் பாருங்க!"

தொல்லை விட்டால் போதும் என்று முதலாளி ஒரு பரிசோதனைக்கார அம்மாவை வரவழைத்தார். அவர் செப்புக் கம்பியும் சின்ன அடுப்பும் கொண்டுவந்தார். "சூடான கம்பியை எண்ணெயில தொட்டுத் தீயில காட்டுவேன். பழைய எண்ணெய் கலந்திருந்தா தீ பச்சையா மாறும்" என்றார். அந்தக் கம்பி மேலும் மோப்பத்துக்குச் சந்தேகம். தன்னிடம் இருந்த செப்புக் கம்பியைக் கொடுத்தார்.

மூன்று பீப்பாய். மூன்றிலும் பச்சை வரவில்லை. அந்த அம்மா தொட்டிப் பக்கம் நடந்தார்.

"அது எதுக்கும்மா? பீப்பாய்ல இருந்து ஊத்தினதுதானே?" மோப்பம் குறுக்கே போய் நின்றார். அந்த அம்மா அவரைச் சுற்றிப் போய்க் கம்பியை முக்கினார். தீ பச்சைப்பசேலென்று எரிந்தது.

"யாருய்யா கலந்தது?" முதலாளியின் பார்வை பீப்பாய்களை இறக்கிய சுமைதூக்குகிறவர் மேல் போய் நின்றது. மோப்பம் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். பழி அங்கே விழுந்திருக்கும்.

தங்கை முகத்தை மூடிய துணியோடு எழுந்தாள். "எங்க அண்ணனுக்குத் தெரியாம யாரோ செஞ்சிருக்காங்க. அவரு கண்ணைக் கட்டிட்டாங்க."

அதைக் கேட்டதும் மோப்பம் விறுவிறுவென்று உள்ளே போனார். அலமாரிக்குப் பின்னாலிருந்து கடைசி டின்னை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார்.

"நான்தாம்மா. நீ தீயில வெந்துடக் கூடாதுன்னு..."

அவள் டின்னைப் பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பழைய தொட்டியை விஷம் என்று எழுதி மூடி எடுத்துப்போனார்கள். அவரை அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். புதுத் தொட்டிக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தங்கையிடம் கொடுத்தார் முதலாளி.

"பத்திரமா வெச்சுக்கம்மா. யாரையும் நம்பாதே" என்றார் மோப்பம்.

"இனிமே நம்ப மாட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு, அவர் அங்கிருந்து போகும்வரை பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.