சப்பாத்தைக் கழற்றிய சிப்பாய்

என் வாழ்க்கையில் ஒரேயொரு நாடகத்தில் மேடை ஏறியிருக்கிறேன். ஏறியது ஆமிக்காரனாக. ஆமிக்குப் பயந்து சுவிஸுக்கு ஓடிவந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைத்திருக்காது.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. ரெனான் என்ற ஊரில் ஒரு சிறிய நாடக மண்டபத்தில் தரை துடைப்பது என் வேலை. அங்கே ஆபிரிக்காவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அநேகமாக எல்லோரும் பெண்கள். கிரேக்க நாட்டுப் பழைய கதையொன்றைத் தங்கள் ஊர்க் கதையாக்கியிருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது. ஆண்கள் செத்துப்போனார்கள். மிஞ்சிய பெண்களை வென்றவர்கள் பங்குபோட்டுக் கொண்டுபோகப் போகிறார்கள். பழைய கதையில் கப்பல் காத்து நிற்குமாம். இவர்கள் கப்பலை லொறியாக்கி, பெண்களின் கைகளில் பாயையும் சட்டிபானையையும் கொடுத்திருந்தார்கள். மொழி தெரியாத எனக்கும் கதை விளங்கியது.

சிப்பாயாக நடிக்க இருந்தவருக்கு விசா கிடைக்கவில்லை. என்னோடு வேலை செய்த, பிரெஞ்சு தெரிந்த தமிழ்ப் பொடியன் ஒருவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, வாயே திறக்காத ஒரு ஆள் வேணுமாம். நான் உடன உங்களைத்தான் சொன்னனான்."

மறுக்கத்தான் நினைத்தேன். மறுப்பதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

அப்போது என் மனைவி ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சமைப்பாள், துவைப்பாள், பகலிலும் யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவாள். ஆமி வீட்டுக்குள் புகுந்து அவளுடைய தம்பியைக் கொண்டுபோனதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்திருந்தேன். அவள் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கோ கேட்கத் தெரியவில்லை. சொந்த மனைவியிடம் உப்புக் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். எப்படியாவது அவளை வெளியே கொண்டுவர வேண்டும் என்று, நான் நாடகத்தில் நிற்கிறேன், பார்க்க வா என்றேன். என்ன வேடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை ஒரு கெட்டித்தனம் என்றுகூட நினைத்திருந்தேன்.

நாடகத்தில், தோற்றுப்போன ஊரின் ராணி செத்த பேரப்பிள்ளையைப் பாயில் கிடத்திக்கொண்டு இருப்பாள். நான் உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்து லொறிக்கு இழுத்துப் போக வேண்டும். ராணியாக நடித்தவர்தான் குழுவின் தலைவி. ஒத்திகையில் என்னால் அவருடைய கையைத் தொட முடியவில்லை. உடுப்பின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் தோளுக்குக் கீழே வைத்து, இறுக்கு என்று காட்டினார். அவரை உண்மையில் அசைக்க என்னைப்போல் மூன்று பேர் வேண்டும்.

ஒத்திகையில் விளக்கு ஏற்றவில்லை. நாடகத்தன்று ஏற்றிவிட்டார்கள். பாயில் பிள்ளை, தலைமாட்டில் விளக்கு, சுற்றிவர ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்கள். மேடையின் ஓரத்துக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. செத்த வீட்டுக்குள் சப்பாத்தோடு எப்படிப் போவது? குனிந்தேன். கயிற்றை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, தலையில் இரும்புத் தொப்பியும் தோளில் மரத் துவக்கும் ஓட்டைக் காலுறையுமாக உள்ளே போனேன். யாரோ சிரித்தார்கள். ராணி என் கால் பெருவிரலைப் பார்த்தார். பிறகு தானாகவே எழுந்து நடந்தார். நான் துணைக்கு வந்த சொந்தக்காரன் மாதிரிப் பின்னால் போனேன்.

நாடகம் முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில், ஏன் கழற்றினாய் என்று தலைவி அந்தப் பொடியனைக் கொண்டு கேட்டார். நான் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மனைவி தனியாக உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையில் நான் வைத்திருந்த சப்பாத்தைத்தான் பார்த்தாள்.

"ஆமிக்காரன் சப்பாத்துக் கழட்டுவானோ?" என்றாள்.

நான் சப்பாத்தைக் கீழே வைத்தேன்.

"எங்கட சாமியறைக்குள்ள சப்பாத்தோடதான் வந்தவங்கள். தம்பி அங்கதான் ஒளிச்சிருந்தவன். அம்மா அவங்களின்ர காலைப் பிடிச்சுக் கெஞ்சினவ. அவ பிடிச்சதும் சப்பாத்தைத்தான்."

தலைவிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பொடியன் பாதியில் நிறுத்திவிட்டான். மிச்சம் அவருக்குத் தேவைப்படவில்லை போலும். மனைவியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். அவள் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனாள். அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடையைத் துடைக்கப் போனேன். அந்த வேலை எனக்கு வரும்.

மறுநாளும் நாடகம் இருந்தது. நான் கூப்பிடாமலே மனைவி வந்தாள். நான் சப்பாத்தோடு போனேன், தடதடவென்று மிதித்தேன், ராணியின் கையை இறுக்கிப் பிடித்தேன். முடிந்து வெளியே வந்ததும், எப்படி என்று ஒருமாதிரிக் கேட்டுவிட்டேன்.

"சப்பாத்துச் சரி. முகம்தான் சரியில்லை. அந்த மனுசி உங்களை இழுத்துக்கொண்டு போற மாதிரிக் கிடந்தது."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. தன் தம்பி சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். சப்பாத்துக் கடித்த காலோடு நான் நொண்டி நொண்டிப் பின்னால் போனேன்.