பெரியம்மாவப் போட்டுக்குடுத்தேன்

செங்கம் ரோட்டுல நான் இட்லிக் கடை போட்டு நாலு வருசம் ஆவுது. படிச்சது ஆறாவது வரைக்கும். நான் பள்ளிக்கூடத்த வுட்டேனா, பள்ளிக்கூடம் என்னை வுட்டுச்சான்னு எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் தகராறு தீரல. ஆனா நியாயம் கேக்கறதுக்கு மட்டும் ஆளுங்க என்கிட்டதான் வர்றாங்க. வாய் பெருசா இருந்தா மூளையும் பெருசா இருக்கும்னு நெனைக்கிறாங்க போல.

போன வாரம் ஒரு ஆட்டோக்கார அண்ணன் அப்படித்தான் வந்தாரு. அவரு தெருவுல ஒருத்தன் கால் ஊனம்னு சொல்லி கவர்மெண்ட் பணம் வாங்கறானாம். நேத்து பாத்தா புளிய மரத்து மேல நின்னுக்கினு கெளைய உலுக்கறானாம்.

"இன்னாம்மா, சொல்லலாமா வேணாமா? சொல்லலன்னா எனக்கு இட்லி எறங்க மாட்டேங்குது."

ஆறு இட்லி ஏற்கெனவே எறங்கியிருந்திச்சி. "அண்ணே, நான் ஒரு தபா அந்த மாதிரி சொல்லியிருக்கேன், எனக்குப் பத்து வயசு இருக்கும்"னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சவாரி வந்திச்சி, அவரு போயிட்டாரு. ஆரம்பிச்ச கத எனக்குள்ளியே நின்னுப் போச்சி. அதான் இங்க சொல்றேன்.

அடி அண்ணாமலையில எங்க வீடு. ரெண்டு வீடு தள்ளி பெரியம்மா வீடு, எங்கம்மாவோட கூடப் பொறந்த அக்கா. புள்ளைங்க இல்ல. பெரியப்பா, நான் நாலு வயசுக் கொழந்தையா இருக்கும்போது, கிரிவலம் போயிட்டு வரேன்னு கெளம்பினவரு. மலைய ஒரு சுத்து சுத்த நாலு மணி நேரம் ஆவும். அவரு ஆறு வருசமா சுத்திக்கினு இருக்காருன்னு தெருவுல பேசிச் சிரிப்பாங்க, பெரியம்மா காதுல வுழாம.

பெரியம்மா காலையில ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜுல ரூம் கழுவற வேலைக்குப் போவும். சம்பளம் கம்மி. அதோட, புருஷன் வுட்டுட்டுப் போன பொம்பளைங்களுக்கு கவர்மெண்ட் மாசாமாசம் குடுக்கிற பணம் வரும். அது வந்தாத்தான் வீட்டு வாடகை. "இது நின்னா ஒங்க வீட்டுத் தாழ்வாரத்துலதான் வந்து படுக்கணும்டி"ன்னு பெரியம்மா சிரிச்சிக்கினே சொல்லும். எங்கம்மா சிரிக்காது. எங்க வீட்டுக்குத் தாழ்வாரம் கெடையாது.

பணம் குடுக்கறதுக்கு ஒரு ஆளு கைரேகை மிஷின எடுத்துக்கினு வருவாரு. பெரியம்மா வெரல வச்சா மிஷின் ஒத்துக்காது. பினாயில்ல தேச்சித் தேச்சி ரேகையே போயிருச்சி. நாலு தபா அஞ்சு தபா சேலையில தொடச்சித் தொடச்சி வைக்கும். "பெரியம்மா, நான் வேணா என் வெரல வைக்கட்டுமா?"ன்னு நான் கேப்பேன். பாத்துக்கோங்க, திருட்டுப் புத்தி மொதல்ல யாருக்கு வந்திச்சின்னு.

எனக்கும் பெரியம்மாவுக்கும் சண்டன்னு வந்தது மல்லாட்டத் தொவையலாலதான். மல்லாட்டன்னா வேர்க்கடல, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வறுத்து, தோலு ஊதி, காஞ்ச மொளகா, பூண்டு, புளி வச்சி பெரியம்மா அம்மியில அரைக்கும். அந்த வாசனைக்கு நான் ரெண்டு வீடு தாண்டி ஓடுவேன். வெரல் நுனியில ஒரு சொட்டு நக்கக் குடுத்துட்டு, மிச்சத்த சோத்தோட டிபன் பாக்ஸுல வச்சி மூடிடும். யாருக்குன்னு கேட்டா, சாமிக்குன்னு சொல்லும். காரமா தொவையல் கேக்கிற சாமி எதுன்னு எனக்கு டவுட்டு.

ஒரு சனிக்கெழம மத்தியானம் பின்னாடியே போனேன். நியாயத்துக்காகப் போகல, தொவையலுக்காகப் போனேன். அத இப்பவே ஒத்துக்கறேன்.

கிரிவலப் பாதையில ஒரு புங்க மரம். அதுக்குக் கீழ ஒரு காவி வேட்டி சாமி. சடை, தாடி, நெத்தி பூரா துந்நூறு. பெரியம்மா பாக்ஸ அவரு முன்னால வச்சிட்டு பத்தடி தள்ளிப் போயி ரோட்டப் பாத்துக்கினு நின்னுது. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. சாமி சாப்ட்டாரு. கடைசியில தொவையல வழிச்சாரு, நான் வழிக்கிற மாதிரியே. பாக்ஸக் கழுவி அதே எடத்துல கவுத்து வச்சாரு. கவுக்கும்போதுதான் அந்த இடது கைய நான் பாத்தேன். ஆறு வெரலு.

பெரியம்மா வீட்டு செவுத்துல கல்யாண போட்டோ மாட்டியிருக்கும். அதுல பெரியப்பா இடது கையால மாலையப் புடிச்சிக்கினு நிப்பாரு, அந்தக் கையில ஆறு வெரலு. நான் எண்ணக் கத்துக்கினதே அந்தக் கையிலதான். அதனாலதான் ஒண்ணாவது டீச்சர் ஒரு கையில எத்தன வெரல்னு கேட்டப்ப ஆறுன்னு சொல்லி அடி வாங்கினேன். என் படிப்பு அங்கியே கோணலாப் போச்சி.

புருஷன் காணோம்னு பணம் வாங்குது. புருஷன் இங்க ஒக்காந்து தொவையல் வழிக்கிறாரு!

இதுல இன்னொரு விசயமும் இருந்திச்சி, அது வெளையாட்டு இல்ல. எங்க தெரு முனையில ஒரு அக்கா. புருஷன் லாரியில அடிபட்டு செத்துட்டாரு, கையில ரெண்டு சின்னப் புள்ளைங்க. அதுவும் மனு குடுத்துட்டு தாலுகா ஆபீஸுக்கு நடையா நடந்திச்சி. "கேக்கறவங்க ஜாஸ்தி, யாருக்காவது நின்னாத்தான் எனக்கு வரும்கிறாங்க"ன்னு எங்கம்மாகிட்ட அழுவும். அந்த அக்காவோட புள்ள என்கூட படிச்சிது. மத்தியானம் சத்துணவுல முட்டைய பாதி தின்னுட்டு பாதிய தம்பிக்குன்னு பாவாடையில முடிஞ்சிக்கினு போவும். அத நான் தெனம் பாக்கறவ. அப்போ பெரியம்மா திங்கறது அந்தப் புள்ளையோட முட்டையோன்னு நெனைச்சேன். இப்பவும் அந்த நெனைப்பு தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ரெண்டு நாளு எனக்குத் தூக்கம் வரல. மூணாவது நாளு வந்திருச்சி, நான் அப்படித்தான். எதுக்கும் கேட்டு வைப்போம்னு எங்கம்மாகிட்ட கேட்டேன்.

"ஏம்மா, ஒருத்தவங்க பொய் சொல்லி கவர்மெண்ட் பணம் வாங்கினா அத சொல்லணுமா, வேணாமா?"

அம்மா அரிசி பொடச்சிக்கினு இருந்திச்சி. மொறத்த நிறுத்தாமலே சொல்லிச்சி. "ஒனக்கு எதுக்குடி ஊரு வம்பு? வாய மூடிக்கினு போயி வீட்டுப் பாடம் எழுது."

வீட்டுப் பாடம் எழுதறதுக்கு ஊரு வம்பு மேலுன்னு இருந்த புள்ள நானு. நேரா பெரியம்மாகிட்டயே போனேன். "எனக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா"ன்னு கண்ண உருட்டினேன். பயந்து போயி தொவையல கிண்ணத்தோட குடுக்கும்னு கணக்கு. பெரியம்மா என் மூஞ்சியவே பாத்துது. "தெரிஞ்சா சந்தோசம், போயி தண்ணிக் கொடத்த தூக்கியாடி"ன்னு சொல்லிச்சி. நான் கொடத்த தூக்கியாந்தேன். மெரட்டப் போன எடத்துல வேல செஞ்சிட்டு வந்த ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

அடுத்த சனிக்கெழம மத்தியானம், தாலுகா ஆபீஸ்லருந்து ஒரு மேடம் வந்தாங்க. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரங்கன்னு பேச்சுலயே தெரிஞ்சிது. கையில நோட்டு, கூட எங்க ஊரு தலையாரி. பணம் வாங்கறவங்க நெஜமாவே அந்த நெலமையிலதான் இருக்காங்களான்னு வீடு வீடா பாத்துக்கினு வந்தாங்க. பெரியம்மா வீடு பூட்டியிருந்திச்சி. மேடம் எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டாங்க.

"அவ ஒண்டியாத்தான் இருக்கா மேடம். அவ புருஷன் போனவன் போனவன்தான்"னு எங்கம்மா சொல்லிச்சி.

மேடம் பேனாவத் தெறந்தாங்க. எழுதி முடிச்சிருந்தா கத அங்கியே முடிஞ்சிருக்கும். எனக்கு அந்த முட்டை ஞாபகம் வந்திச்சி. தொவையலும் வந்திச்சி. எது மொதல்ல வந்திச்சின்னு கேக்காதீங்க.

"பெரியப்பா இருக்காரு மேடம்! எனக்கு எடம் தெரியும்!"

அம்மா என் தொடையக் கிள்ளின கிள்ளு நாலு நாளைக்கு நீலமா இருந்திச்சி. தலையாரி மாமா வேலியில இருந்த ஓணானையே பாத்துக்கினு நின்னாரு. மேடம் மட்டும் குனிஞ்சி "எங்க கண்ணு?"ன்னு கேட்டாங்க. நான் முன்னால நடந்தேன். சாமி ஊர்வலத்துக்கு முன்னாடி தீவட்டி புடிச்சிக்கினு போறவன் மாதிரி நெஞ்ச நிமித்திக்கினு நடந்தேன்.

புங்க மரத்தடியில சாமி அப்பதான் சாப்ட்டு முடிச்சிருந்தாரு. பெரியம்மா அதே பத்தடி தூரத்துல நின்னுது. எங்களப் பாத்துது. மேடத்தப் பாத்துது, நோட்டப் பாத்துது, அப்புறம் என்னைப் பாத்துது. ஓடல, ஒண்ணும் பண்ணல. சேலைத் தலைப்ப மட்டும் இழுத்து இடுப்புல சொருகிச்சி.

கையும் களவுமா புடிச்சிக் குடுத்துட்டோம், இப்ப மேடம் ஒரு அதட்டு அதட்டுவாங்கன்னு நான் பாத்துக்கினு இருந்தேன். மேடம் செருப்பக் கழட்டி ஓரமா வுட்டாங்க. தலையாரி மாமா அதுக்கு ஒரு படி மேல, குனிஞ்சி துந்நூறே வாங்கிக்கினாரு. எனக்கு வெறுத்துப் போச்சி. விசாரிக்க வந்தீங்களா, கோயிலுக்கு வந்தீங்களா?

எங்க ஊருல காவி கட்டினவங்களப் பழைய பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. எந்த ஊரு, எந்த வீடு, பொண்டாட்டி யாருன்னு கேக்க மாட்டாங்க. கட்டின அன்னிக்கே அந்த ஆளு முடிஞ்சாருன்னு கணக்கு. மேடமும் இந்தப் பக்கத்துக்காரங்கதான், அவங்களுக்கு அது தெரியும். ஆனா நோட்டுல எழுதியாவணுமே. பேனாவத் தெறந்தாங்க, மூடினாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க.

"சாமி, மன்னிக்கணும். இந்த அம்மா ஒங்களுக்கு இன்னா வேணும்?"

பாதையில ஒரு வேன் ஆரன் அடிச்சிக்கினு போச்சி. பெரியம்மா சாமி பக்கம் திரும்பிச்சி. அத்தன நாளும் ரோட்டப் பாத்துக்கினு நிக்குமே, அன்னிக்குத்தான் நேருக்கு நேரா பாத்துது. சாமி கவுத்து வச்ச பாக்ஸையே பாத்துக்கினு இருந்தாரு. அந்த ஆறாவது வெரல மத்த வெரலுங்களால மூடிக்கினாரு.

"தாயி"ன்னாரு. "தெனமும் இங்க வந்து பிச்ச போடுற தாயி."

மேடம் நோட்டுல எழுதினாங்க. நல்லபடியா எழுதினாங்கன்னு தலையாரி மாமா மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது. "ஒங்க பணம் வரும்மா, பயப்படாதீங்க"ன்னு மேடம் சொல்லிட்டு செருப்ப மாட்டிக்கினு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க.

எனக்கு அழுகையே வந்திருச்சி. பச்சப் பொய்! சாமியாரு பொய் சொல்றாரு, ஆபீஸர் எழுதிக்கினு போறாங்க, பெரியம்மா ஜெயிச்சிருச்சி!

ஜெயிச்ச பெரியம்மா பாக்ஸ எடுத்துச்சி. ஈரம் இருந்திச்சி, அத தொடைக்கக் கூட இல்ல. ரோட்டுல வண்டி ஜாஸ்தின்னு என் கையப் புடிச்சிக்கினுது. நான் அற வுழும்னு கன்னத்த ரெடியா வச்சிக்கினு நடந்தேன். வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் வுழல. வாசல்ல நின்னு, "சாப்ட்டியாடி?"ன்னு மட்டும் கேட்டுது.

அறைய எங்கம்மா குடுத்திச்சி, தொடப்பத்தோட. அடிச்சிக்கினே சொன்னதுலதான் எனக்கு விசயம் தெரிஞ்சிது. அது பெரியப்பான்னு தெருவுக்கே தெரியுமாம். டீக்கடைக்காரருக்குத் தெரியும், தலையாரிக்குத் தெரியும், முட்டை முடியற புள்ளையோட அம்மா அந்த அக்காவுக்கே தெரியுமாம். நாலு வருசம் எங்கெங்கியோ சுத்திட்டு, ரெண்டு வருசத்துக்கு முன்னாடிதான் வந்து அந்த மரத்தடியில ஒக்காந்தாராம். அன்னியிலருந்து பெரியம்மா அவருக்குப் புடிச்ச தொவையல அரைச்சி சோத்தோட கொண்டு போவுதாம். என்னிக்காவது ஒரு நாளு எழுந்து பின்னாடியே வந்துடுவாருன்னு அதுக்கு ஒரு நெனைப்பாம். ஊருலியே நான் ஒருத்திதான் அத ரகசியம்னு தூக்கிக்கினு திரிஞ்சவ.

அந்த அக்காவுக்கு அப்புறம் ஒரு வருசம் கழிச்சிப் பணம் வந்திச்சி. அதுக்கும் பெரியம்மாவுக்கும் சம்பந்தமே இல்ல, எங்கியோ ஒரு காயிதம் நகர்ந்துது, அவ்ளோதான். பெரியம்மா வாங்கினது பொய்யா நெஜமான்னு இப்ப வரைக்கும் எனக்குப் புரிபடல. பெரியப்பா அன்னிக்கு தாயின்னு சொன்னது அந்தப் பணத்தக் காப்பாத்த சொன்னதா, மனசுலருந்து சொன்னதான்னும் தெரியல. புளிய மரத்து ஆளப் பத்தி அந்த ஆட்டோக்கார அண்ணன் வந்து திரும்பக் கேட்டா, நான் இன்னா சொல்றதுன்னும் தெரியல. கூட ரெண்டு இட்லி வைப்பேன்.

மறுநாளும் பெரியம்மா அம்மியில மல்லாட்ட அரைச்சிது. எனக்கு வாசனை வந்திச்சி, போவ பயமா இருந்திச்சி. அதுவே கூப்பிட்டுச்சி. போனேன். டிபன் பாக்ஸுல வெறும் சோறு, மேல கொஞ்சம் ரசம். தொவையல் பூரா ஒரு கிண்ணத்துல என் முன்னால இருந்திச்சி.

நான் பேசாம இருக்கறதுக்கு லஞ்சம் குடுக்குதுன்னு நெனைச்சேன். கடைசியில நம்ம மெரட்டல் வேல செஞ்சிருச்சேன்னு எனக்கு ஒரே பெருமை. கிண்ணத்த வழிச்சித் தின்னுட்டு, இன்னும் இருக்கான்னு வேற கேட்டேன்.

"நாளைக்கு அரைக்கிறேன்டி"ன்னு பெரியம்மா பாக்ஸ மூடிக்கினே சொல்லிச்சி. "இனிமே இது ஒனக்குத்தான்."

எனக்குன்னா எனக்கு, அவ்ளோ சந்தோசம். வெரல நக்கிக்கினே வீட்டுக்கு ஓடினேன்.