ரொக்கெட் நாளும் என் வெள்ளைச் சட்டையும்

என் மாமாவுக்கு வருடத்தில் இரண்டே இரண்டு திருநாள்கள். ஒன்று நல்லூர்த் தேர். மற்றது, மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போன நாள். சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி வரும் அதை அவர் 'ரொக்கெட் நாள்' என்பார். சண்டிலிப்பாயில் அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கொண்டாடியதாக நான் அறியேன். மாமா ரியூட்டரியில் பௌதிகம் படிப்பிப்பவர், கலியாணம் கட்டாதவர், சாப்பாடு எங்கள் வீட்டில். ஆகவே அவருடைய திருநாளும் எங்கள் தலையில்தான் விழும்.

பழைய ரஷ்யச் சஞ்சிகையில் வெட்டிய விண்வெளிக்காரரின் படத்தைச் சுவரில் ஒட்டி, ஒரு செவ்வரத்தம்பூவும் செருகுவார். பிறகு நேரே குசினிக்குப் போவார். வருடப்பிறப்புக்கென்று அம்மா சுட்டு அடுக்கிய பயத்தம் பணியாரம் அங்கே இருக்கும். சுவாமிக்குப் படைக்க முன்னர் அதில் ஒரு துண்டும் வெளியே வராது என்பது அம்மாவின் சட்டம்.

"அக்கா, மேலை போனவருக்கு ஒரு தட்டு."

"ஏன், மேலை போய்ச் சாமியாகீட்டாரோ? போடா விசரா."

வருடா வருடம் இதே கதைதான். பணியாரம் மட்டும் வந்ததில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம் ரொக்கெட் நாளுக்கு ஒரு விசேஷம் சேர்ந்தது. ரஷ்ய வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில், அப்போது மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்வெளிக்காரரிடம் சிறுவர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். மாமா என்னைக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தார். "அண்ணாந்து பார்த்தால் எனக்கு உங்களைத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் உங்களுக்கு எங்களைத் தெரிகிறதா?" கேள்வி முழுக்க என்னுடையது. எழுத்துப் பிழைகளை மட்டும் மாமா எடுத்துவிட்டார். அந்தச் சண்டைக் காலத்தில் எங்கள் கடிதம் கொழும்புக்குப் போவதே பெரும்பாடு, ரஷ்யாவுக்கு எங்கே போகப்போகிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மின்சாரம் நின்று பல மாதங்கள். பற்றரி கண்ணால் காணக்கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றினால், டைனமோ தரும் மின்சாரத்தில் றேடியோ கதைக்கும். வழமையாகச் சுற்றுவது அண்ணை. அன்று பின்னேரம் நான் விடவில்லை. என் கேள்வி, நான்தான் சுற்றுவேன் என்று மல்லுக்கட்டி மிதியைப் பிடுங்கினேன்.

"நிப்பாட்டக்கூடாது, என்ன?" என்றார் மாமா, காதை றேடியோவில் ஒட்டிக்கொண்டு.

கை கழன்று விழும்போல இருக்கையில், கரகரத்த குரல் சொன்னது: "அடுத்து, யாழ்ப்பாணம் சண்டிலிப்பாயிலிருந்து..." பிறகு என் பெயர்! முழுப் பெயர்! ஐயோ, நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு துள்ளினேன். றேடியோ செத்துப்போனது. அண்ணை பாய்ந்து வந்து சுற்றியபோது மலேசியாவிலிருந்து யாரோ ஒருவரின் கேள்வி போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் உவளாலை!" என்றான் அண்ணை. நான் நிலத்தில் விழுந்து அழுதேன்.

"அழாதை பிள்ளை, நான் கேட்டனான்," என்றார் மாமா. "உள்ளுக்கை கொஞ்சம் மிச்சக் கரண்ட் கிடந்தது. தெரியுதாம். வெள்ளையா ஏதும் கிடந்தால் இன்னும் வடிவாத் தெரியுமாம்."

அண்ணை வாயைக் கோணினான். நான் நம்பினேன். பௌதிகம் படித்தவர் சொன்னால் நம்பாமல்? குசினி வாசலில் நின்ற அம்மா மட்டும் "மெய்யாவோ?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். எங்கள் வளவில் உயரமான இடம், குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கரின் மண்மேடுதான். அதன்மேல் சட்டையைக் கை இரண்டும் அகல விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தேன். அண்ணாந்து கையும் காட்டினேன்.

அம்மா ஓடிவந்த வேகத்தில் கல்லுகள் பறந்தன. முதுகில் ஒரு அடி விழுந்தது.

"மூதேவி! வெள்ளைச் சீலை ஒண்டு வெளியிலை காயப்போடாமல் நான் ஒளிச்சுத் திரியிறன். நீ மேலை நிக்கிறவைக்குக் காட்டுறியோ?"

"அவை பொம்மர்க்காரர் இல்லையம்மா! அவை இன்னும் மேலை!"

என் வானத்துக்கு இரண்டு மாடிகள் இருந்தன. கீழ்மாடியில் குண்டு போடுகிறவர்கள், மேல்மாடியில் நல்லவர்கள். அம்மாவின் வானத்துக்கு ஒரே மாடிதான்.

சத்தம் கேட்டு மாமா வந்தார். அம்மா சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"டேய், உண்மையைச் சொல்லு. அங்கை இருந்து பாத்தால் எங்களைத் தெரியுமோ?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை அக்கா. நான் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளை அழுகுது எண்டு பொய் சொன்னனான். அவ்வளவு உயரத்திலை இருந்து ஒருதருக்கும் எங்களைத் தெரியாது."

"ஒருதருக்குமோ?"

"ஓம். ஒருதருக்கும்."

நான் மறுபடி ஓவென்று அழத் தொடங்கினேன். அம்மா என்னைக் கவனிக்கவேயில்லை. குசினிக்குள் போய், ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரத்தோடு வந்தார். சுவாமிக்கு இன்னும் படைக்காத பணியாரம்.

"இந்தா, உன்ரை மேலை போனவருக்கு," என்று மாமாவின் கையில் கொடுத்தார். எனக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ மாதம்.

அண்ணை நாலு தின்றான். நான் என்னுடையதைக் கடிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களை ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னதற்குப் போய் இந்த அம்மா ஏன் பணியாரம் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.