மடிக்கொடியும் டிரிப் ஸ்விட்சும்

என் நாத்தனார் இன்ஜினியர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணனைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பாள். திருவான்மியூர் வீட்டு மொட்டை மாடியில் வாஷிங் மெஷினுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டு, கீழேயிருந்து ஒயர் இழுத்தோம். அப்போது பிடிவாதமாக நின்று ஒரு டிரிப் ஸ்விட்சை மாட்ட வைத்தாள். மின்சாரம் போகக் கூடாத வழியில் துளி கசிந்தாலும் அது தானே விழுந்து, வீடு முழுக்க அணைத்துவிடும்.

துளி என்றால் நிஜமாகவே துளி. சாரல் அடித்தால் விழும். பழைய அயர்ன் பாக்ஸைச் சொருகினால் விழும். தொட்டாச்சிணுங்கி என்று அதற்குப் பேர் வைத்தேன்.

"கழட்டிப் போட்டுடலாமே" என்றார் என் கணவர்.

"கழட்டினா நான் இந்த ஆத்துப் படி ஏறமாட்டேன், அண்ணா" என்றாள் நாத்தனார். அதிலென்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மாமனாரின் தெவசத்துக்கு அவளும் வந்திருந்தாள். கிரைண்டரில் வடைக்கு உளுந்து அரைபடுகிறது, தெவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் வருகிற நேரம், பட்டென்று எல்லாம் நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னிக்குமா உனக்கு!" என்று திட்டிக்கொண்டே ஸ்விட்சை மேலே தள்ளக் கையைத் தூக்கினேன். நாத்தனார் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கோ மன்னி. முதல்ல அண்ணா எங்கே?"

அண்ணா மாடியில். குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு, முந்தின நாள் உலர்த்திய மடி வேஷ்டியை எடுக்கப் போயிருந்தார். சடங்குக்கு உடுத்துகிற மடித்துணியை வேறு யாரும் தொடக்கூடாது என்பதால் அதற்கென்று உயரத்தில் ஒரு மூங்கில் கொடி இருந்தது. அது உளுத்துப்போனதும் இவர் இரும்புக் குழாய் வாங்கி, அந்தத் தகரக் கொட்டகையிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் பெருமை வேறு.

மாடிக்கு ஓடினோம். தரையில் உட்கார்ந்து வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயைத் தொட்டேன். சுரீர்னு இழுத்துது. உடனே விட்டுடுத்து."

கடல் காற்றில் துருவேறிய தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்து, குழாய் வரைக்கும் கரண்ட் பாய்ந்திருந்தது. "அது விழாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். நாத்தனார் மடியாவது மண்ணாவது என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மாடிக்குப் போகிற ஒயரை நாத்தனார் கழற்றிவிட்டாள். மடி போய்விட்டதால் அவர் மறுபடி குளித்துவிட்டு வந்தார், தெவசம் நல்லபடியாக நடந்தது. அவளுக்கு நானே இலை போட்டு, போதும் போதும் என்றாலும் கேட்காமல் வடை போட்டேன்.

இப்போது மாதாமாதம் அந்த ஸ்விட்சின் டெஸ்ட் பட்டனை நான்தான் அழுத்திப் பார்க்கிறேன். வீடு அணையும். கூடத்திலிருந்து, "ஏண்டி, நியூஸ் பாத்துண்டிருக்கேனே!" என்று அவர் கத்துவார்.

அந்தச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் நான் ஸ்விட்சை மேலே தள்ளுவதில்லை.