கேப்டன் தேவசகாயத்தின் ரிவால்வர்

மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், பழைய தோலுறை மூன்றும் கலந்த ஒரு வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்து ஓட்டு வீட்டிலிருந்து அது வந்தால், சர்ச்சில் பூசை முடிந்து திரும்பிய கேப்டன் தேவசகாயம் சன்னலோரம் பழந்துணி விரித்து ரிவால்வரைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். அம்மா கொடுத்தனுப்பும் நண்டை அடுக்களையில் வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்தபடி வேடிக்கை பார்ப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பர்மா சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரியாக இருந்தவர், போர் முடிந்ததும் தனியாளாகப் பழவேற்காட்டுக்கு வந்து தங்கிவிட்டார். உயரமானவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் எங்கள் குப்பத்துக்கும் அக்கரைக் குப்பத்துக்கும் ஏரியில் தகராறு வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த நாளில் எந்த ஊர் எந்த இடத்தில் வலை விடலாம் என்கிற முறைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாடு’ என்று பெயர். இறால் காலத்தில் ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போட்டால் துடுப்பும் கழியும் உயரும். அப்படி ஒரு நாள் கேப்டன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு ஊர்த் தோணிகளுக்கும் நடுவில் நின்று, ரிவால்வரை வானத்தைப் பார்க்கத் தூக்கினார்.

“எவன் மொதல்ல கைய ஓங்குறானோ, அவனுக்குத்தான் மொதல் குண்டு.”

ஓங்கிய கைகளெல்லாம் இறங்கிவிட்டன. கரையில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன்: “நெசமாவே சுட்டிருப்பீங்களா?”

அவர் ரிவால்வரைத் திருப்பி, பின்பக்கத்துச் சுத்தியலின் நுனியைக் காட்டினார். “இங்க ஒரு ஊசி இருக்கணும். அது போய்க் குத்துனாதான் குண்டு வெடிக்கும். நானே அரத்தால தேச்சு எடுத்துட்டேன்.”

“ஏன்?”

துணியை மடித்து வைத்தார். “பர்மாவுல ஒருத்தன் கையத் தூக்கினு புதர்லேர்ந்து வந்தான். சுட்டுட்டேன். சரணடைய வந்தவன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “யார்கிட்டயும் சொல்லாத. ஊருக்கு இது சுடுற துப்பாக்கியாவே இருக்கட்டும்.”

ஒரு மழைக்காலம் முழுக்க நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளி கண்ணம்மா அக்கரைப் பெண். கல்லறைத் தோட்டத்தில் விளையாட அழைத்தால், வழியில் கேப்டன் வீடு இருக்கிறதே என்று நடுங்குவாள். அவள் குப்பத்தில் பிள்ளைகளை அடக்க அவர் பேரைத்தான் சொல்வார்களாம். ஒரு நாள் அவள் வர மறுத்து அழுதபோது, அவள் காதில் சொன்னேன்: “பயப்படாத. அது சுடாது. ஊசியே இல்ல.” அன்றைக்கு அவள் வந்தாள். இருட்டும்வரை விளையாடினோம்.

“மொகத்துவாரம் தொறந்தா தண்ணி நிக்காது, வாய் தொறந்தா வார்த்த நிக்காது” என்பார் நைனா, என் அப்பா. அடுத்த இறால் காலத்தில் அது எனக்குப் புரிந்தது.

கேப்டன் வழக்கம்போலத் தண்ணீரில் இறங்கி ரிவால்வரைத் தூக்கினார். அக்கரைத் தோணியிலிருந்து ஒருவன் சிரித்தான். “சுடு, பாக்கலாம்! ஊசியில்லாத துப்பாக்கிய வெச்சினு யாருக்கு இன்னா காட்ற?”

கேப்டன் ஒரு கணம் கரைப்பக்கம் திரும்பினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்குப்பின் துடுப்பும் கழியும் மோதும் சத்தம்தான் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது கேப்டன் தோளில் அடிபட்டுத் தண்ணீரில் விழுந்து கிடந்தார். என் சித்தப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு கரைக்குத் தடுமாறி வந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. துடுப்பு நுனி பட்ட அந்த இடது கண் பிறகு திறக்கவே இல்லை. அவருக்கு அந்தத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் திரும்ப வரவில்லை.

தோள் எலும்பு கூடியதும் கேப்டன் பொன்னேரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிவால்வரை ஒப்படைத்துவிட்டு, மதராஸில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும் நாளில் அம்மா சொல்லி நண்டு கொண்டுபோனேன். கூடையோடு வாசலில் நின்றேன். அவர்தான் கேட்டார்.

“அந்த அக்கரைப் பொண்ணு உன் கூட்டாளிதான?”

தலையாட்டினேன்.

“ரொம்பப் பயந்துனு இருந்தாளா?”

“ஆமா.”

“சரி” என்றார். திட்டவில்லை. நண்டுக் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் கயிற்றை இறுக்கக் குனிந்தார். மன்னிப்புக் கேட்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது. நான் கேட்காமல் ஓடிவந்துவிட்டேன்.

சித்தப்பா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அந்தத் துப்பாக்கியின் சங்கதி அக்கரைக்கு எப்படிப் போனது என்று அவரும் நைனாவும் எத்தனையோ முறை என் எதிரிலேயே பேசியிருக்கிறார்கள். சோறு பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

இருவரும் இப்போது இல்லை. கேப்டன் வீடு இருந்த இடத்தில் ஐஸ் கம்பெனி நிற்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்டு, வாசலைப் பூட்டி வைக்கிறார்கள். போன மாதம் மீன் மார்க்கெட்டில் கண்ணம்மாவைப் பார்த்தேன். என்னைப் போலவே கிழவியாகிவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடமாவது பேசலாம் என்று கேப்டன் பேரைச் சொன்னேன்.

“கேப்டனா? எந்தக் கேப்டன்?” என்றாள்.